1999 என்ற படமும் எங்கள் 1989உம்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பாடசாலைத் தோழர் ஒருவர், திரும்பிச் செல்வதற்கு முதல்நாள் மாலை என் வீட்டுக்கு வந்து ஓர் இறுவட்டை மேசையில் வைத்தார். "ஒருக்கா பாரு மச்சான். எங்கட பொடியனுகளப் பத்தின படம்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவர் போய்ச் சில வாரங்களுக்குப் பின்னரே அதைப் பார்த்தேன். பார்த்தபின் அவரோடு தொலைபேசியில் பேசியதை இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன.

லெனின் எம். சிவம் எழுதி இயக்கிய '1999' என்ற கனடியத் தமிழ்த் திரைப்படம் அது. 2009 ஒக்டோபரில் வன்கூவர் சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து ஐந்து மாதங்கள்கூட நிறைவடையாத காலம். புலம்பெயர்ந்த தமிழர் அனைவரும் முகாம்களில் அடைபட்டிருந்த உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், இந்த இயக்குநர் பத்து ஆண்டுகள் பின்னே சென்று ஸ்காபரோவின் தெருக்களில் தமிழ்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொன்ற கதையைச் சொன்னார். அதற்கு ஒரு துணிவு வேண்டும். போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், குழுச்சண்டை, ஒரு கொலை, அதற்கான பழி என்று செல்லும் படம். பணச்செலவு குறைவு என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. ஆனாலும் பொய் இல்லை.

கதை வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1990களில் ரொறன்ரோவின் தமிழ் இளைஞர் குழுக்கள் இரண்டு பெரிதும் பேசப்பட்டன. ஒன்றின் பெயரில் ஏ.கே. துப்பாக்கி இருந்தது, மற்றதன் பெயர் வல்வெட்டித்துறையின் ஆங்கில முதலெழுத்துகள். பிள்ளைகள் ஊரைவிட்டு ஓடி வந்தார்கள். பெயர் வைக்க வேண்டி வந்தபோது ஊரும் துவக்கும்தான் நினைவுக்கு வந்தன. 2001 ஒக்டோபரில் பொலிஸாரும் குடிவரவு அதிகாரிகளும் இணைந்து நடத்திய சுற்றிவளைப்பில் ஐம்பது பேரளவில் கைதாகி, நாடுகடத்தும் நடவடிக்கைக்கு உட்படுத்தப்பட்டனர். அதற்கு முன்னரே, 1990களின் இறுதியில், கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையம் என்ற அமைப்பை இளைஞர்களே கூடி உருவாக்கியிருந்தனர். தெருச்சண்டையில் பிள்ளைகளை இழந்த ஒரு சமூகம் கூட்டம் போட்டு அழுது, பேசி, ஓர் அலுவலகத்தைத் திறக்கக்கூடிய நாடு அது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இவ்வகைப் படங்களின் பரம்பரை நீண்டது. லூயிஸ் புனுவெல் 1950இல் மெக்சிக்கோ நகரின் தெருச் சிறுவரை வைத்து எடுத்த 'லொஸ் ஒல்விதாதோஸ்' இவற்றின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. 1955இல் ஜேம்ஸ் டீன் நடித்து வந்த அமெரிக்கப் படத்தின் பிள்ளைகளுக்குப் பசியில்லை, கார் இருக்கிறது. கோபம் மட்டும் குறைவில்லை. பிரேசிலின் 'சிட்டி ஒஃப் கோட்' (2002) பல் விழுந்து முளைக்கும் வயதுக்காரரின் கையிலும் கைத்துப்பாக்கியைக் காட்டியது. தமிழில் 'சுப்ரமணியபுரம்' (2008), 1980ஆம் ஆண்டு மதுரையில் வேலைவெட்டியின்றித் திரியும் நண்பர்களை ஓர் அரசியல் குடும்பம் கொலைக்குப் பயன்படுத்திவிட்டுக் கைகழுவுவதைச் சொன்னது. எங்கள் நாட்டிலேயே தர்மசேன பத்திராஜ 1974இல் 'அஹஸ் கவ்வ' என்ற தம் முதற்படத்தில் கொழும்பின் வேலையற்ற இளைஞரைத் திரைக்குக் கொண்டுவந்தார். (பின்னர் யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தவரும் அவரே. எங்கள் பக்கத்தில் அந்த நல்ல மனிதரைத் தெரிந்தவர் மிகச் சிலர்.)

இவற்றுள் பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே இடத்தில் தொடங்குகின்றன. செய்வதற்கு ஒன்றுமில்லாத பொடியன் ஒருவன் மதகிலோ தேநீர்க்கடை வாங்கிலோ அமர்ந்திருக்கிறான். அவனுக்குள் ஏதோ புகைகிறது. படம் முடிவதற்குள் ஒருவன் செத்துக் கிடக்கிறான். 'இவன் ஏன் இப்படியானான்?' என்ற கேள்வியோடு நாம் வீடு திரும்புகிறோம். '1999'ஐப் பார்த்து முடித்தபோது எனக்குள் வேறொரு கேள்வி எழுந்தது. எங்கள் வாவிக்கரையில் துவக்குத் தூக்கிய பொடியன்கள் எல்லோரும் இப்படித் தாமாக 'ஆனவர்கள்' தானா?

மதகுகளுக்கு எங்களிடம் பஞ்சமிருக்கவில்லை. வாவிக்குக் கிழக்கே கடலை ஒட்டிய எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமான படுவான்கரை. 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி தென்னந்தோட்டங்களை முறித்துப்போட்டு, கூரைகளைப் பிடுங்கிச் சென்றபோது எனக்கு ஏழு வயது. தென்னை மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் எடுத்தன. இடையில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொழில் இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் யாழ்ப்பாண இளைஞரைக் கொதிக்க வைத்தது என்பது வரலாறு. ஆனால் அதன் பின் வந்த மாவட்ட ஒதுக்கீடு, பின்தங்கிய மாவட்டம் என்ற கணக்கில் எங்கள் பிள்ளைகள் சிலருக்குக் கதவைத் திறந்தே விட்டது. எங்கள் மனக்குறை வேறு வகையானது. காணி, குடியேற்றம், தொழில், இவற்றோடு கண்ணெதிரே நடந்த கொலைகள். அதற்கு முன்னர் வன்முறை என்பது ஊர்ச் சண்டியனின் தனிச்சொத்து. அவன் குடித்துவிட்டுக் கத்தி எடுப்பான். மறுநாள் பொலிஸ் அவனை எடுக்கும்.

எங்கள் வயதுக்காரருக்கு வன்முறை முதன்முதலில் வீரமாகத் தெரிந்த நாள் எதுவென்று கேட்டால் 1983 செப்டெம்பர் 23 என்பேன். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபின், உயிர் தப்பியோர் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தனர். அன்றிரவு அந்தச் சிறை உடைக்கப்பட்டது. அரசியல் கைதிகள் நாற்பது பேரளவில் தப்பினர். அவர்களோடு சாதாரணக் கைதிகளும் பெருந்தொகையாக வெளியேறினர். மறுவாரம் பாடசாலை விளையாட்டுத் திடலில் நாங்கள் 'சிறையுடைப்பு' விளையாடினோம். கைதியாக இருக்க எல்லோருக்கும் ஆசை. காவலராக இருக்க ஒருவரும் வரமாட்டார்கள். இறுவட்டுக் கொண்டுவந்த தோழர்தான் எப்போதும் காவலர். மெலிந்தவர் என்பதால் அவரைப் பிடித்துக் கட்டுவது எளிது.

ஆக, வீரமும் கோபமும் இருந்தன. அவற்றால் தாமாகப் புறப்பட்டுப் போனவர்களும் பலர். அதை மறைப்பது வரலாறாகாது. ஆனால் வீரம் வற்றிய பின்னரும் படைகளுக்கு ஆள் தேவைப்பட்டது.

1987 யூலை 29 இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம். 1988 நவம்பரில் வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தல். 1989இல் இந்தியப் படை வெளியேறும் என்பது உறுதியானபோது, மாகாண ஆட்சியைக் காக்கவென இந்திய ஆதரவுடன் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்ற படை அவசர அவசரமாகத் திரட்டப்பட்டது. தொண்டர் போதுமான அளவு வரவில்லை. பஸ்ஸிலிருந்து, சந்தையிலிருந்து, தனியார் வகுப்பு வாசலிலிருந்து பிள்ளைகள் இறக்கப்பட்டனர். சிறு வயதில் எங்களைப் பயமுறுத்தச் சொல்லப்பட்ட 'பிள்ளைபிடிகாரன்' என்ற சொல் அவ்வாண்டு உண்மையான ஆட்களுக்குரிய பெயராயிற்று.

எனக்கு அப்போது 18 வயது. என் தாயார் என் அரும்பு மீசையை மழிக்க வைத்து, தம்பியின் கட்டைக் காற்சட்டையை மாட்டிவிட்டு, "மனே, ஆரும் கேட்டா ஒன்பதாம் வகுப்பு எண்டு சொல்லு" என்றார். உயரம் காட்டிக் கொடுத்துவிடும் என்று இரண்டு நாளில் அவருக்கே தெரிந்தது. மூன்றாம் நாள் இருட்டோடு இருட்டாகத் தோணியில் ஏற்றிப் படுவான்கரையில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார். அங்கே இரவில் வேறு சிலர் வருவார்கள். பிடிப்பதில்லை, அமர்ந்து கதைப்பார்கள். "தம்பி என்ன செய்யிற?" என்று என்னையும் கேட்டார்கள். பெரியம்மா அடுப்படியிலிருந்து, "அவனுக்கு இழுப்பு" என்று குரல் கொடுத்தார். எனக்கு அந்நாளில் ஆஸ்துமா கிடையாது. அவர்கள் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் நான் இருமினேன்.

என் தோழருக்கு இருமச் சொல்லிக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. தனியார் வகுப்பு முடிந்து வந்த பஸ்ஸில் அவரும் வேறு சில மாணவரும் இறக்கப்பட்டனர். தலை மொட்டையடிக்கப்பட்டது, ஓடினால் அடையாளம் தெரியும் என்பதற்காக. சில வாரப் பயிற்சி, தோளுக்குப் பொருந்தாத சீருடை, ஒரு துவக்கு. அவரை இறக்கியவர்களுக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான் இருக்கும் என்று பின்னாளில் ஒருமுறை சொன்னார்.

அவ்வாண்டின் இறுதி மாதங்களில் இந்தியப் படை கிழக்கிலிருந்து விலக விலக, விடுதலைப் புலிகள் அந்த முகாம்களைத் தாக்கினர். பயிற்சியற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பலர் இறந்தனர். பலர் சரணடைந்தனர், அவர்களுள் பெற்றோரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டவர்களும் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு. என் தோழர் துவக்கை வாய்க்காலில் எறிந்துவிட்டு வயல்வெளியால் ஓடி, முழங்காலில் காயத்தோடு வீடு வந்து சேர்ந்தார். புத்தகப் பை திரும்பவில்லை. அவர் இறுதிவரை உயர்தரப் பரீட்சை எழுதவில்லை. ஒரு கொழும்பு லொட்ஜ், பிறகு ஒரு முகவர், பிறகு கனடா.

அதே 1989இல் தெற்கிலும் பாடசாலைப் பிள்ளைகளின் காலம் இருண்டிருந்தது. ஜே.வி.பி. மாணவரை ஊர்வலத்துக்கு இறக்கியது; படையினரும் துணைப்படையினரும் அவர்களைத் தேடி அழித்தனர். எம்பிலிபிட்டியவில் 20க்கும் மேற்பட்ட மாணவர் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டனர். அந்த வழக்கில் பாடசாலை அதிபர் ஒருவரும் இராணுவத்தினரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டது 1999 பெப்ரவரியில். இளைஞர் அமைதியின்மையை ஆராய அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை 1990இல் வெளிவந்தது. தொழில், அரசியல் சிபாரிசு, ஆங்கிலம் தெரியாதவனை வெட்டும் 'கடுவ', அதாவது வாள், என்று இளைஞர் அம்மொழிக்கு வைத்த பெயர் எல்லாம் அதில் பேசப்பட்டன. நல்ல அறிக்கை. மதகில் அமர்ந்திருந்த பொடியனின் மனத்தை அது விளக்கியது. பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட பொடியனுக்கு அதில் அதிகம் இடமில்லை.

நான் பத்திரிகைத் துறைக்கு வந்தபின் இதே காட்சியை வேறு நடிகர்களோடு மீண்டும் பார்க்க நேர்ந்தது. 2001இல் விடுதலைப் புலிகள் மட்டக்களப்பில் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டனர். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தபோது பெருமூச்சு விட்டோம்; ஆனால் ஆட்சேர்ப்பு நிற்கவில்லை. அந்தப் போர்நிறுத்தம் தொடங்கியது முதல் 2004 ஒக்டோபர் வரை 3,516 சிறுவர் சேர்க்கப்பட்டதை யுனிசெப் பதிவு செய்தது, பதியப்படாதவை தனி. 2004 மார்ச்சில் கருணா பிரிந்தார். ஏப்ரலில் வெருகலில் சண்டை. அது முடிந்த சில நாட்களில் கிழக்கின் முகாம்கள் கலைக்கப்பட்டன. தாய்மார் திரண்டு சென்று பிள்ளைகளைக் கையில் பிடித்து அழைத்து வந்தனர். பஸ் நிலையத்தில் ஒரு சிறுமி, தலைமுடி கட்டையாக வெட்டப்பட்ட நிலையில், தாயின் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஐஸ்பழம் குடித்தபடி நின்றதைக் கண்டேன். ஏறத்தாழ இரண்டு மாதம் அந்தப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். பிறகு மீண்டும் ஆட்கள் வந்தனர். இன்னொரு பக்கத்தால் கருணா குழுவும் பிள்ளைகளைத் தூக்கத் தொடங்கியது. அக்குழுவின் ஆட்சேர்ப்புக்குப் பாதுகாப்புப் படையினரில் சிலர் துணைபோயினர் என்று 2006 நவம்பரில் ஐ.நா.வின் விசேட ஆலோசகராக வந்த அலன் றொக் பகிரங்கமாகச் சொன்னார். அவர் ஒரு கனடியர், முன்னாள் அமைச்சர். ஸ்காபரோவின் பொடியன்களை நாடுகடத்த விரும்பிய அதே நாட்டிலிருந்து வந்து எங்கள் பொடியன்களைப் பற்றி நாங்கள் எழுதாததைச் சொல்லிவிட்டுப் போனார்.

எழுதாததை என்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பத்திரிகைத் தமிழில் 'இனந்தெரியாத ஆயுததாரிகள்' என்று ஒரு தொடர் உண்டு. நான் அதை எத்தனை நூறு முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. சுட்டவர் யாரென்று ஊருக்கே தெரிந்திருக்கும். அவருக்கு வயது பதினாறு என்பதும் தெரிந்திருக்கும். அச்சில் வரும்போது அவருக்கு இனமும் இல்லை, வயதும் இல்லை, தாயும் இல்லை. அந்தத் தொடர் எங்கள் உயிரைக் காத்தது. கூடவே, ஒரு பிள்ளை துவக்கோடு நின்றது என்ற செய்தியையும் தின்றுவிட்டது.

2004 மே 31 காலை, வீரகேசரியின் மட்டக்களப்புச் செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் அலுவலகம் செல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குச் சில வாரங்களின் பின்னர் படுவான்கரையிலிருந்து ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். மண்முனைத் துறையில் பாதையேறி, பஸ் பிடித்து வந்திருந்தார். ஏப்ரலில் வீடு திரும்பிய மகனை யூனில் மீண்டும் கொண்டுபோய்விட்டார்கள். வயது பதினைந்து. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த கடவுச்சீட்டளவுப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். "பேப்பரில போட்டா விடுவாங்களாம் தம்பி. ஆக்கள் சொன்னாங்க" என்றார். பார்க்கிறேன் அம்மா என்றேன். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்டேன். செய்தியை எழுதவில்லை. படம் என்னிடம்தான் இருக்கிறது. அவரும் பிறகு வரவில்லை.

குற்றப்படத்தில் ஒரு பிள்ளை துவக்கை எடுக்கும் கணம் பெரிதாகக் காட்டப்படும். இசை மாறும், முகம் அண்மையில் வரும். எங்கள் கதையில் அந்தக் கணம் பெரும்பாலும் பிள்ளையிடம் இல்லை. துவக்கை நீட்டிய பெரியவரிடம் இருக்கிறது. எங்களில் எத்தனையோ தலைவர்களுக்குச் சிலையும் நூலும் நினைவுமலரும் உண்டு. எந்த நினைவுமலரிலும் ஆட்சேர்ப்பு அத்தியாயத்தை நான் கண்டதில்லை. '1999' கூட ஸ்காபரோவின் எல்லைக்குள் நின்றுவிடுகிறது. அது குறையல்ல, அவர் எடுக்க வந்த படம் அது. 2015இல் கான் விழாவில் உயர் விருது பெற்ற ஜாக் ஓடியாரின் 'தீபன்' கொஞ்சம் பின்னே செல்கிறது. பிரெஞ்சுப் புறநகரின் போதைப்பொருட் குழுக்களுக்கு நடுவே, முன்னாள் போராளி ஒருவரின் கை பழைய வேலையை நினைவுகூர்கிறது. அதில் நடித்த ஷோபாசக்தி, தாமே பதின்ம வயதில் இயக்கத்திலிருந்தவர். ஆயினும் இறுதிக் காட்சிகளில் படம் சாகசமாகிவிட்டது. அது எனக்கு உவப்பாக இல்லை.

இனி அந்தத் தொலைபேசி உரையாடல். படம் நன்றாக இருக்கிறது என்றேன். தோழர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"99ல நான் ஸ்காபரோவில ஒரு டோனட் கடையில இரவு வேல. அந்தப் பொடியனுகள் ரெண்டு மூண்டு பேர் விடியப்புறம் வருவானுகள். மரியாதையான பொடியனுகள் மச்சான், 'அண்ண, கோப்பி' எண்டுதான் கேப்பானுகள். ஒருநாள் ஒருத்தன் ஜக்கெட்டத் தூக்கிக் கூட்டாளிக்குத் துவக்கக் காட்டினான். எடுத்துப் பிடிச்ச விதம் பிழை. விரல் விசையிலயே கிடந்தது. அப்பிடிப் பிடிக்காதடா, தொடையில வெடிக்கும் எண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்திட்டுது."

"சொன்னியா?"

"இல்ல. கோப்பியக் குடுத்திட்டு உள்ளுக்குப் போயிட்டன்."

உன் பிள்ளைகளுக்கு 89 தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. முழங்கால்ல இருக்கிற தழும்பு சைக்கிளால விழுந்தது எண்டுதான் சொல்லி வச்சிருக்கன்" என்றார்.